மின் கிரிட்டும் எரிவாயுக் குழாயும் பின்னிக் கிடக்கும் இடத்தில் நிச்சயமின்மையைக் கையாள்வது எப்படி? முழுமையான வழிகாட்டி

2021 பிப்ரவரி 15, அதிகாலை 1:55 மணி. டெக்சாஸ் கிரிட்டின் அதிர்வெண் 60 ஹெர்ட்ஸிலிருந்து 59.302-க்கு இறங்கிவிட்டது. 59.4-க்குக் கீழே ஒன்பது நிமிடம் நீடித்தால், மின்நிலையங்கள் தங்கள் இயந்திரங்களைக் காத்துக்கொள்ளத் தாமாகவே கிரிட்டிலிருந்து கழன்றுகொள்ளலாம் என்பது அங்குள்ள ஏற்பாடு. அன்று அந்த நிலை 4 நிமிடம் 23 விநாடி நீடித்தது. இன்னும் 4 நிமிடம் 37 விநாடி அப்படியே போயிருந்தால் கிரிட் மொத்தமாகச் சரிந்திருக்கும். மீண்டும் எழுப்ப வாரக்கணக்கில் ஆகியிருக்கலாம். கிரிட்டை நடத்தும் எர்காட் அமைப்பின் ஆபரேட்டர்கள் சுமையை, அதாவது நுகர்வோருக்குப் போகும் மின்சாரத்தை, வெட்டி வெட்டித்தான் அதைத் தடுத்தார்கள். உச்சத்தில் வெட்டியது 20,000 மெகாவாட். சுமார் 45 லட்சம் வீடுகளுக்கும் கடைகளுக்கும் மின்சாரம் போனது. மாநில அரசின் கணக்குப்படி இறந்தவர்கள் 246 பேர்.

கடுங்குளிர்தான் காரணம் என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் குளிர் வந்த பிறகு நடந்ததுதான் நமக்குப் பாடம். எரிவாயுக் கிணறுகளும் சேகரிப்புக் குழாய்களும் உறைந்தன. மின்நிலையங்களுக்கு எரிவாயு குறைந்தது. மின்சாரம் குறைந்ததால் சுமையை வெட்டினார்கள். வெட்டிய ஃபீடர்களில் (ஒரு பகுதிக்கு மின்சாரம் கொண்டுபோகும் கம்பித்தடங்களில்) சில, எரிவாயுக் களங்களுக்கும் சுத்திகரிப்பு ஆலைகளுக்கும் மின்சாரம் கொடுத்தவை. அவை நின்றதும் எரிவாயு இன்னும் குறைந்தது. அமெரிக்க எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையமான ஃபெர்க்கும் மின் நம்பகத்தன்மை அமைப்பான நெர்க்கும் சேர்ந்து நடத்திய விசாரணையில், எரிவாயு உற்பத்திச் சரிவில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் மின்சாரம் போனதால் வந்தது என்று தெரிந்தது. அந்த வாரத்தில் டெக்சாஸின் எரிவாயு உற்பத்தி ஏறக்குறையப் பாதியாகிவிட்டது.

இரண்டு வலையமைப்புகளையும் சேர்த்துத் திட்டமிட வேண்டிய பொறியாளருக்கும், இந்தத் துறையில் ஆய்வு செய்யும் மாணவருக்கும் இந்த வழிகாட்டி. கணிதம் வரும், ஆனால் கணிதத்துக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலைதான் பாதிக்கு மேல். அதை விட்டுவிட்டு நேராக சால்வருக்கு (கணக்கைத் தீர்க்கும் மென்பொருளுக்கு) போகிறவர்களே அதிகம் என்பதால், அங்கேதான் அதிக நேரம் நிற்கப் போகிறேன்.

படி 1: இரண்டு வலைகளும் தொட்டுக்கொள்ளும் இடங்களைக் குறியுங்கள்

எல்லாரும் முதலில் எழுதுவது எரிவாயு மின்நிலையம். அது ஒரு திசை மட்டும்: எரிவாயு போய் மின்சாரமாகிறது. எதிர்த்திசையையும் தேடி எழுதுங்கள். எரிவாயுவை அழுத்தித் தள்ளும், மோட்டாரில் ஓடும் கம்ப்ரஸர் நிலையங்கள், கிணற்று முனையில் உள்ள பம்புகள், சுத்திகரிப்பு ஆலைகள், நிலத்தடிச் சேமிப்புக் களங்கள், வால்வுகளை இயக்கும் கட்டுப்பாட்டுக் கருவிகள், அவற்றின் தகவல்தொடர்பு எல்லாம் மின்சாரத்தில் ஓடுபவை. பல கம்ப்ரஸர்கள் குழாயிலிருந்தே எரிவாயு எடுத்து ஓடும். அவற்றுக்கும் கட்டுப்பாட்டுப் பலகைக்கு மின்சாரம் வேண்டும்.

ஒவ்வொன்றுக்கும் எந்த ஃபீடர் என்று எழுதுங்கள். சலிப்பான வேலைதான். டெக்சாஸில் இந்தப் பட்டியல் முழுமையாக இல்லை. முக்கியச் சுமை என்று பதிவு செய்துகொண்டால் அந்த ஃபீடரை வெட்ட மாட்டார்கள். பல எரிவாயு நிறுவனங்கள் அந்தப் படிவத்தைக் கொடுக்கவேயில்லை. இன்னும் கொடுமை, சில எரிவாயு நிலையங்கள் நெருக்கடியில் மின்சாரத்தை விட்டுக்கொடுத்துக் காசு வாங்கும் திட்டத்தில் சேர்ந்திருந்தன. நெருக்கடி வந்தது, ஒப்பந்தப்படி அவற்றின் மின்சாரம் போனது. 2021-இல் அம்மாநிலம் இயற்றிய செனட் மசோதா 3, மின்சாரத்துக்கான எரிபொருள் சங்கிலி முழுவதையும் வரைபடமாக்கும்படி உத்தரவிட்டது. மின்சாரத்தை ஓர் ஆணையமும், எரிவாயுவை ரயில்ரோடு ஆணையம் என்ற வேறோர் அமைப்பும் கண்காணிக்கும் மாநிலத்தில், இப்படியொரு வரைபடம் அதுவரை இல்லாததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

ஒற்றைப் புள்ளிகளைத் தனியாகச் சிவப்பில் குறியுங்கள். 2017 ஆகஸ்ட் 15 மாலை, தைவானின் டாடான் மின்நிலையத்துக்கு எரிவாயு அளந்து அனுப்பும் நிலையத்தில், கட்டுப்பாட்டுக் கருவிக்கான பவர் சப்ளையை மாற்றிக்கொண்டிருந்தார்கள். வேலை நடக்கும்போது வால்வுகள் தாமாக மூடிக்கொண்டன. இரண்டு நிமிடம்தான் மூடியிருந்தன. ஆறு யூனிட்டுகளும் (உற்பத்தி இயந்திரத் தொகுதிகளும்) டிரிப் ஆகி, அதாவது தாமாக நின்று, 4,000 மெகாவாட்டுக்கு மேல் ஒரே மூச்சில் போயிற்று. தீவு முழுவதும் லட்சக்கணக்கான வீடுகளில் மின்வெட்டு. அன்றே பொருளாதார அமைச்சர் பதவி விலகினார். மின் பொறியாளர் ஒரு யூனிட் போனால் தாங்க வேண்டும் என்றுதான் ரிசர்வ், அதாவது கையிருப்புத் திறன், வைப்பார். ஆறு யூனிட்டுக்கும் எரிவாயு வருவது ஒரே அளவீட்டு நிலையம் வழியாக என்றால், கணக்கில் அது ஒரே யூனிட்தான்.

படி 2: இரண்டு கடிகாரங்களையும் அருகருகே வையுங்கள்

மின்சாரத்தில் உற்பத்திக்கும் நுகர்வுக்கும் இடையிலான வித்தியாசம் விநாடிகளில் அதிர்வெண்ணில் தெரியும். குழாயில் எரிவாயு நகர்வது மணிக்கு 30 முதல் 50 கிலோமீட்டர் வேகத்தில். ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் கிணற்றில் இன்று கூட்டிய எரிவாயு நாளைக்குத்தான் வந்து சேரும். இடைப்பட்ட நேரத்தில் காப்பாற்றுவது லைன்பேக், அதாவது அழுத்தத்தில் குழாய்க்குள்ளேயே அடைந்து கிடக்கும் எரிவாயு. மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி மாதிரிதான்: மோட்டார் ஓடாவிட்டாலும் கொஞ்ச நேரம் குழாயில் தண்ணீர் வரும், மட்டம் இறங்க இறங்க வேகம் குறையும்.

அது எவ்வளவு என்று கையால் ஒரு முறை போட்டுப் பாருங்கள். உள்விட்டம் 0.9 மீட்டர், நீளம் 100 கிலோமீட்டர் கொண்ட குழாய். உள்ளே இடம் சுமார் 63,600 கன மீட்டர். சராசரி அழுத்தம் 60 பாரிலிருந்து (ஒரு பார் என்பது ஏறக்குறைய வளிமண்டல அழுத்தம்) 55 பாருக்கு இறங்கினால், எரிவாயுவின் அமுங்குதன்மையையும் சேர்த்துக் கணக்கிட்டால், சாதாரண அழுத்தத்தில் 3.5 முதல் 4 லட்சம் கன மீட்டர் வெளியே வரும்.

இப்போது மின்பக்கம். காற்றாலைகள் எதிர்பார்த்ததைவிட 300 மெகாவாட் குறைவாகக் கொடுக்கின்றன; 55 சதவீதத் திறன் கொண்ட கூட்டுச் சுழற்சி மின்நிலையம் அதை ஈடுகட்டுகிறது. 300-ஐ 0.55-ஆல் வகுத்தால் 545 மெகாவாட் வெப்பம். ஒரு கன மீட்டர் எரிவாயுவில் தோராயமாக 10 யூனிட் (கிலோவாட் மணி) ஆற்றல் என்று வைத்தால், மணிக்கு 54,500 கன மீட்டர் கூடுதலாக இழுக்கும். ஆக அந்த 5 பார் வீழ்ச்சி ஏழு மணி நேரத்துக்குக் கிட்டத் தாங்கும். முன்கணிப்புப் பிழை இரண்டு மணி நேரத்தில் சரியாகிவிடும் என்றால் குழாய் அதை விழுங்கிக்கொள்ளும். நாள் முழுக்க நீடிக்கும் பிழையை விழுங்காது. ஆகவே பிழையின் அளவோடு அது எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பதையும் தரவிலிருந்து எடுங்கள். பிழைகளை மணிக்கு மணி தனித்தனியாகக் குலுக்கிப் போட்டு எடுக்கும் மாடல், கூட்டலும் கழித்தலும் ஒன்றையொன்று அழித்துக்கொள்வதால், லைன்பேக்கை எப்போதும் நல்லபடியாகவே காட்டும். ஆய்வுக் கட்டுரைகளில் இந்தக் கோளாறு அடிக்கடி கண்ணில் படுகிறது.

இன்னொரு கடிகாரம் சந்தையினுடையது. அமெரிக்காவில் மின் நாள் நள்ளிரவில் தொடங்கும். எரிவாயு நாள் மத்திய நேரப்படி காலை 9 மணிக்கு. குளிர்காலத்தில் மின்தேவை உச்சத்துக்குப் போவது காலை ஏழு மணியளவில். அது முந்தைய எரிவாயு நாளின் வால்பகுதி: கேட்டு வாங்கிய அளவு தீர்ந்து, லைன்பேக்கும் இறங்கியிருக்கும் நேரம். 2015-இல் ஃபெர்க் தன் 809-ஆம் ஆணையில் எரிவாயுக்கான முதன்மை முன்பதிவு நேரத்தைக் காலை 11:30-இலிருந்து பிற்பகல் 1 மணிக்குத் தள்ளி, நாளுக்குள் திருத்திக்கொள்ள மூன்றாவது வாய்ப்பையும் சேர்த்தது. எரிவாயு நாளின் தொடக்கத்தை மாற்றவில்லை.

விடுமுறையும் சேர்ந்தால் நிலைமை இன்னும் மோசம். வெள்ளிக்கிழமை வாங்கும் எரிவாயு திங்கள் அல்லது செவ்வாய் வரைக்கும் சேர்த்துத்தான். 2021 பிப்ரவரிப் புயல் வந்தது அதிபர்கள் தின நீண்ட வார இறுதியில். அடுத்த பெரிய நெருக்கடியான எலியட் புயல் வந்தது 2022 கிறிஸ்துமஸுக்கு முன்தினங்களில். நான்கு நாள் கழித்து வீசப் போகும் காற்றுக்கு இன்றே எரிபொருள் வாங்க வேண்டும். உங்கள் மாடலில் முடிவெடுக்கும் நேரங்களை இந்தச் சந்தை நேரங்களோடு பொருத்துங்கள். மணிக்கு மணி எரிவாயு வாங்கலாம் என்று விட்டுவிட்டால் வரும் விடைக்கு அர்த்தமில்லை.

படி 3: எது எது நிச்சயமில்லை என்று எழுதுங்கள்

காற்று, வெயில், மின்தேவை, வெப்பமூட்டலுக்கான எரிவாயுத் தேவை, கிணற்று உற்பத்தி, கம்ப்ரஸர் பழுது, மின்நிலையப் பழுது, விலை. இவை எல்லாருக்கும் தெரிந்தவை. விடுபட்டுப் போகும் இரண்டை மட்டும் சொல்கிறேன்.

ஒன்று, ஒப்பந்தம். குழாயில் இடம் இருப்பது வேறு, அந்த இடம் உங்களுக்கு உரியதாக இருப்பது வேறு. அமெரிக்காவின் வடகிழக்கே நியூ இங்கிலாந்தில், வீடுகளுக்கு எரிவாயு கொடுக்கும் நிறுவனங்கள் உறுதியான கொள்ளளவை வாங்கி வைத்திருக்கும். பல மின்நிலையங்கள் மலிவாக இருக்கிறதே என்று இடைநிறுத்தக்கூடிய ஒப்பந்தத்தில் ஓடுகின்றன. சாதாரண நாளில் இரண்டும் ஒன்றுதான். கடுங்குளிர் நாளில் வீடுகள் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளும், மின்நிலையத்துக்குப் பூஜ்யம். ஆகவே அந்த மின்நிலையத்தின் கிடைக்கும் திறனை வெப்பநிலையின் சார்பாக எழுத வேண்டும், நிலையான எண்ணாக எழுதக்கூடாது.

இரண்டு, காகிதத்தில் இருக்கும் எண்கள். இத்தனை டிகிரி குளிர் வரை ஓடும் என்று மின்நிலையங்கள் சொல்லியிருந்த வடிவமைப்பு வெப்பநிலைகளை 2021 நிகழ்வோடு ஒப்பிட்டார்கள். உறைவால் வந்த நிறுத்தங்களில் 81 சதவீதம், அந்த வரம்பை எட்டும் முன்பே நடந்தவை. உரிமையாளர் எழுதிக் கொடுத்த எண்ணையும் நிச்சயமற்ற அளவாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 4: பொதுக் காரணத்தைக் கண்டுபிடியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரு படியை மட்டும்தான் செய்ய நேரமிருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

ஒரு கணக்கு. பத்து எரிவாயு மின்நிலையங்கள்; ஒவ்வொன்றும் ஒரு நாளில் நின்றுபோக 5 சதவீத வாய்ப்பு. ஒன்றுக்கொன்று தொடர்பில்லை என்று வைத்தால், நான்கோ அதற்கு மேலோ ஒரே நாளில் நிற்க வாய்ப்பு சுமார் 0.1 சதவீதம், ஆயிரம் நாளில் ஒன்று. இப்போது அதே 5 சதவீதச் சராசரியை வேறு விதமாகப் பிரியுங்கள். நூற்றில் இரண்டு நாள் கடுங்குளிர். அன்று ஒவ்வொன்றும் நிற்க 40 சதவீத வாய்ப்பு. மற்ற 98 நாட்களில் 4.3 சதவீதம். சராசரி மாறவில்லை, அதே 5 சதவீதம்தான். ஆனால் நான்கோ அதற்கு மேலோ நிற்கும் வாய்ப்பு 1.3 சதவீதம் ஆகிவிட்டது. பன்னிரண்டு மடங்குக்கு மேல். அதுவும் அந்த நாட்கள் ஏறக்குறைய எல்லாம், மின்தேவையும் வெப்பமூட்டும் தேவையும் உச்சத்தில் இருக்கும் அதே குளிர் நாட்கள்.

மின்நிலையங்களின் பழுதுத் தரவு பெரும்பாலும் ஆண்டுச் சராசரியாகத்தான் கைக்கு வரும். அந்தச் சராசரியை வாங்கி அப்படியே மாடலில் போடுவதுதான் இந்தத் துறையில் நடக்கும் மிகப் பெரிய தவறு என்பது என் கருத்து. கணிதம் எவ்வளவு நுட்பமாக இருந்தாலும் இதைச் சரிசெய்யாது.

செய்ய வேண்டியது இது. வெப்பநிலையை முதல் மாறியாக வையுங்கள். பழைய வானிலைப் பதிவுகளிலிருந்து முழுமையான வானிலை நிகழ்வுகளை, நாட்கணக்கில் தொடர்ச்சியாக, எடுங்கள். ஒவ்வொரு நிகழ்வுக்கும் காற்று, மின்தேவை, எரிவாயுத் தேவை, கிணற்று உற்பத்தி, மின்நிலையப் பழுது எல்லாவற்றையும் அதே வானிலையிலிருந்து வரவழையுங்கள். தொடர்புக் கெழுக்களை (இரு அளவுகள் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்ற எண்களை) மதிப்பிட்டு மாதிரி எடுப்பதைவிட இது நம்பகமானது. ஏனென்றால் சாதாரண நாட்களில் கணக்கிட்ட தொடர்பு, கடுமையான நாட்களில் உள்ள தொடர்பைக் காட்டாது. 2021 நிகழ்வில் நிறுத்தங்களுக்கும் திறன் குறைவுகளுக்கும் 44.2 சதவீதக் காரணம் உறைவு, 31.4 சதவீதம் எரிபொருள் பிரச்சினை. பட்டியலில் இரண்டும் தனி வரி. பின்னால் இருந்தது ஒரே குளிர்.

பழைய பதிவு போதாது என்றால், நடந்த மோசமான நிகழ்வை எடுத்து இன்றைய வலையமைப்பின் மேல் ஓட்டுங்கள். டெக்சாஸில் 2011 பிப்ரவரியிலும் குளிரால் மின்வெட்டு வந்தது. அப்போதும் விசாரணை நடத்தி, கருவிகளைக் குளிருக்குத் தயார்படுத்தச் சொல்லி அறிக்கை கொடுத்தார்கள். அதன் பின் பத்தாண்டு அந்தத் தரவு எல்லார் கையிலும் இருந்தது.

படி 5: குழாயின் இயற்பியலை மாடலில் கொண்டுவாருங்கள்

மின் பொறியாளருக்குப் பழகிய நேர்கோட்டுப் பாய்வு மாடல் குழாய்க்குப் பொருந்தாது. வேமவுத் சமன்பாட்டின்படி, குழாயில் பாயும் அளவின் வர்க்கம், இரு முனை அழுத்தங்களின் வர்க்கங்களுக்கு இடையிலான வித்தியாசத்துக்கு நேர்விகிதம். சொல்லால் சொன்னால் சாதுவாக இருக்கிறது. எண்ணில் பாருங்கள்.

ஆரம்ப முனையில் 60 பார், மின்நிலைய முனையில் 50 பார். வர்க்க வித்தியாசம் 3600 கழித்தல் 2500, அதாவது 1100. பாய்வு 20 சதவீதம் கூடினால் இது 1.44 மடங்காகும், மின்நிலைய முனையில் 45 பார். 40 சதவீதம் கூடினால் 38 பார். 60 சதவீதம் என்றால் 28. 80 சதவீதம் என்றால் 6 பார்! ஒவ்வொரு முறையும் கூட்டியது அதே 20 சதவீதம். வீழ்ச்சியோ 5, 7, 10, 22 பார். டர்பைன் ஓட நுழைவாயிலில் 30 பார் வேண்டுமென்றால், மூன்றாவது கட்டத்திலேயே அது நின்றுவிடும்.

காற்றாலைப் பிழை மேலும் கீழும் சமமாக இருக்கலாம். ஆனால் அது குழாயைக் கடந்து அழுத்தமாக மாறும்போது அந்தச் சமச்சீர் போய்விடுகிறது. ஆகவே காற்றுக்கு வைத்த நார்மல் (சமச்சீரான மணி வடிவ) பரவலையே அழுத்தத்துக்கும் வைக்காதீர்கள். சராசரிக் காற்றில் கணக்கிட்ட அழுத்தம், அழுத்தத்தின் சராசரி ஆகாது. உண்மையான சராசரி அதைவிடக் கீழே இருக்கும்.

மேலே போட்டது நிலைத்த பாய்வுக்கான கணக்கு. லைன்பேக்கைப் பார்க்க வேண்டுமானால் காலத்தோடு மாறும் பாய்வு வேண்டும்: குழாயைப் பத்து இருபது கிலோமீட்டர் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் மணிக்கு மணி உள்ளே வந்ததும் வெளியே போனதும் சேமிப்பில் சேரும்படி எழுதினால் திட்டமிடலுக்குப் போதும். கட்டுப்பாட்டு அறைக்கு என்றால் இன்னும் நுணுக்கமாகப் போக வேண்டும்.

வேமவுத் சமன்பாட்டை அப்படியே போட்டால் கணக்கு குவிவற்றதாகிவிடும் (ஓரிடத்தில் சிறந்ததாகத் தெரியும் விடை மொத்தத்தில் சிறந்ததாக இல்லாமல் போகலாம்), சால்வர் திணறும். வழக்கமான வழி, சமக்குறியைச் சமனிலியாக்கி இரண்டாம் படிக் கூம்பு என்ற, சால்வர் எளிதில் தீர்க்கும் வடிவத்துக்குத் தளர்த்துவது. செய்யுங்கள், தவறில்லை. ஆனால் விடை வந்ததும் ஒவ்வொரு குழாயிலும் சமன்பாடு உண்மையிலேயே நிறைவேறுகிறதா என்று பாருங்கள். நிறைவேறவில்லை என்றால் அந்த விடையில் உள்ள அழுத்தங்கள் எந்தக் குழாயிலும் இருக்க முடியாதவை.

படி 6: முறையைத் தேர்ந்தெடுங்கள்

இங்கே வந்தால்தான் ஆய்வு மாணவர்களுக்கு உற்சாகம் வரும். சுருக்கமாகவே சொல்கிறேன்.

நிர்ணயமான கணக்கோடு (ஒரே முன்கணிப்பை மட்டும் நம்பும் கணக்கோடு) நிலையான ரிசர்வ்: இன்றும் பல கட்டுப்பாட்டு அறைகளில் இதுதான். ரிசர்வ் வைத்திருக்கும் மின்நிலையத்துக்கு எரிவாயு போய்ச் சேருமா என்று இது கேட்பதில்லை. அந்தக் கேள்வியைச் சேர்த்தாலே பாதி லாபம்.

சினாரியோக்களோடு (நடக்கக்கூடிய நிலைமைகளோடு) இரு கட்ட ஸ்டோகாஸ்டிக் (நிகழ்தகவு) முறை: இன்று எடுக்கும் முடிவுகள், அதாவது எந்த யூனிட்டை ஓட்டுவது, எவ்வளவு எரிவாயு பதிவு செய்வது என்பவை எல்லாச் சினாரியோவுக்கும் ஒன்றே. நாளைய முடிவுகளான உற்பத்தி, கம்ப்ரஸர், சுமைவெட்டு ஆகியவை சினாரியோவுக்குச் சினாரியோ மாறும். என் பரிந்துரை இதிலிருந்து தொடங்குவதுதான். நான்காம் படியில் எடுத்த வானிலை நிகழ்வுகளே சினாரியோக்கள். நன்றாகத் தேர்ந்த இருபது, குலுக்கிப் போட்ட ஆயிரத்தைவிட மேல்.

ரோபஸ்ட் முறை (வரம்புக்குள் மிக மோசமான நிலையையும் தாங்கும்படி திட்டமிடுவது): நிகழ்தகவு தெரியாது, வரம்பு மட்டும் தெரியும் என்றால் இது. எத்தனை அளவுகள் ஒரே நேரத்தில் மோசமாகலாம் என்று ஒரு பட்ஜெட் வைக்கலாம். ஆனால் வரம்பைத் தனித்தனி இடைவெளிகளாக எழுதினால் பொதுக் காரணம் மறுபடி காணாமல் போய்விடும். குளிரைச் சுற்றி வரம்பை அமையுங்கள்.

சான்ஸ் கன்ஸ்ட்ரெயின்ட் முறை: அழுத்தம் வரம்புக்குக் கீழே போகும் வாய்ப்பு 5 சதவீதத்துக்கு மேல் கூடாது என்பது போன்ற நிபந்தனை. மீறினால் எவ்வளவு மீறும் என்று அது கவலைப்படாது. 29 பாரும் 6 பாரும் அதற்கு ஒன்றுதான். மேலே பார்த்த வளைவை நினைத்தால் இது சின்ன விஷயமில்லை. மீறலின் சராசரி அளவையும் கட்டுப்படுத்தும் நிபந்தனை இங்கே பொருத்தம். பரவலே சரியாகத் தெரியாதபோது, கையிலுள்ள தரவைச் சுற்றியுள்ள பரவல்களின் கூட்டத்துக்கே மோசமான நிலையைப் பார்க்கும் முறைகளும் உண்டு. தரவு குறைவாக இருக்கும் இடத்தில் உழைப்புக்கு ஏற்ற பலன் கொடுக்கும்.

எந்த முறையானாலும் பிழையை யார் ஈடுகட்டுவது என்று பங்கு பிரிப்பீர்கள்: காற்று 100 மெகாவாட் குறைந்தால் இந்த நிலையம் 40, அந்த நிலையம் 60. மின்பக்கம் மட்டும் பார்த்தால் மலிவான நிலையங்களுக்கே பங்கு போகும். அவை பல நேரம் ஒரே குழாயில், அதுவும் கடைசி முனையில் இருக்கும். பங்கை நிர்ணயிக்கும்போதே குழாய் அழுத்தத்தையும் நிபந்தனையாகப் போடுங்கள். இணைந்த மாடல் போடுவதில் கண்ணுக்குத் தெரியும் முதல் பலன் இதுதான்: பங்கு, வெவ்வேறு குழாய்களில் உள்ள நிலையங்களுக்குப் பிரிந்து போவதைப் பார்ப்பீர்கள்.

அபராத விலைகளை யோசித்து வையுங்கள். மின்சுமையை வெட்ட ஒரு விலை, எரிவாயுவை வெட்ட ஒரு விலை. மின்பக்கத்துக்குத் துவக்கமாகச் சந்தையின் உச்சவரம்பை எடுப்பவர்கள் உண்டு; டெக்சாஸில் 2021-இல் அது மெகாவாட் மணிக்கு 9,000 டாலர், மறு ஆண்டு 5,000 ஆகக் குறைத்தார்கள். வீடுகளுக்கான எரிவாயுவுக்கு இதைவிடப் பல மடங்கு வையுங்கள். காரணம் இருக்கிறது. ஃபீடரை வெட்டினால் சுவிட்சைப் போட்டு மீட்டுவிடலாம். நகரத்தின் எரிவாயு அழுத்தம் போய்விட்டால் ஊழியர்கள் வீடு வீடாகப் போய் வால்வை மூடி, குழாயைச் சோதித்து, ஒவ்வொரு அடுப்பையும் ஹீட்டரையும் கையால் திரும்பப் பற்றவைக்க வேண்டும். 2022 டிசம்பர் 24 அன்று எலியட் புயலில் நியூயார்க் நகரம் அந்த விளிம்பு வரை போனது; குழாய் அழுத்தம் இறங்கியபோது, கான் எடிசன் நிறுவனம் தன் திரவ எரிவாயு இருப்பை ஆவியாக்கிச் செலுத்திச் சமாளித்தது. அழுத்தம் போயிருந்தால் மீட்க மாதக்கணக்கில் ஆகியிருக்கும் என்றது விசாரணை அறிக்கை.

படி 7: சோதித்துப் பாருங்கள்

கருவிக்குப் பஞ்சமில்லை. லாஸ் அலமோஸ் தேசிய ஆய்வகம் ஜூலியா மொழியில் பவர்மாடல்ஸ், கேஸ்மாடல்ஸ், இரண்டையும் இணைக்கும் கேஸ்பவர்மாடல்ஸ் ஆகியவற்றைத் திறந்த மூலமாக வெளியிட்டிருக்கிறது. பைத்தான் மொழி பழக்கமென்றால் பயோமோ என்ற கருவி. பழக, பெல்ஜியத்தின் குழாய் அமைப்பை ஒட்டிய 20 முனை மாதிரியையும், மின் பொறியாளர் சங்கமான ஐஇஇஇ-யின் 24 பஸ் (மின் இணைப்பு முனை) மாதிரியையும் இணைத்துப் பாருங்கள்; பலரும் இதைத்தான் பயன்படுத்தியிருப்பதால் உங்கள் விடையை ஒப்பிடலாம்.

மாடலுக்குக் காட்டாத வானிலை நிகழ்வுகளைத் தனியே வைத்திருந்து, வந்த திட்டத்தை அவற்றின் மேல் ஓட்டுங்கள். ஓட்டும்போது தளர்த்திய மாடலை விட்டுவிட்டு, முழு இயற்பியல் கொண்ட சிமுலேட்டரில் ஓட்டுங்கள். கூடவே ஒரு குரூரமான சோதனையும்: சுமைவெட்டு உத்தரவு வந்ததாக வைத்து, முதல் படியில் எழுதிய ஃபீடர் பட்டியலின்படி எரிவாயு நிலையங்களின் மின்சாரத்தை நிறுத்தி, இரண்டு மூன்று சுற்று ஓட்டுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் இழப்பு குறைந்துகொண்டே போனால் வலையமைப்பு தாங்கும். கூடிக்கொண்டே போனால், எந்த ஃபீடரைக் காப்பாற்றினால் அது நிற்கும் என்று தேடுங்கள். பெரும்பாலும் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலதான் இருக்கும்.

படி 8: கட்டுப்பாட்டு அறைக்குக் கொண்டுபோங்கள்

மாடல் சொன்னதை ஆபரேட்டர் கையில் எண்ணாகக் கொடுங்கள்: இந்த முனையில் அழுத்தம் இத்தனை பாருக்கு இறங்கினால், இந்த நிலையத்தின் ரிசர்வைப் பூஜ்யமாகக் கருதவும். டீசலிலும் ஓடும் இரட்டை எரிபொருள் யூனிட் இருந்தால், அழுத்தம் இறங்கும் முன்பே மாற்றச் சொல்லுங்கள். கடுங்குளிரில் ஓட்டத்தின் நடுவே எரிபொருள் மாற்றப் போய் டிரிப் ஆவது சகஜம். தொட்டியில் எத்தனை மணி நேர டீசல் இருக்கிறது, பனிச் சாலையில் டாங்கர் லாரி வருமா என்பதும் அந்தக் காகிதத்திலேயே இருக்கட்டும்.

பிறகு தொலைபேசி. எரிவாயு நிறுவனத்தின் இயக்கத் தகவல் வணிக ரகசியம் என்று முன்பு தயங்குவார்கள். 2013-இல் ஃபெர்க் தன் 787-ஆம் ஆணையில், நம்பகத்தன்மைக்காகக் குழாய் நிறுவனங்களும் மின்கடத்தல் அமைப்புகளும் வெளியிடப்படாத இயக்கத் தகவலைத் தங்களுக்குள் பகிரலாம் என்று தெளிவாகவே அனுமதித்தது. வார இறுதிக்கான எரிவாயு வாங்கும் முன், வெள்ளிக்கிழமை காலையிலேயே அந்த அழைப்பு நடக்க வேண்டும். கேட்க வேண்டியவை: திங்கள் காலை ஏழு மணிக்கு லைன்பேக் எங்கே இருக்கும் என்று எதிர்பார்க்கிறீர்கள்? எந்தக் கம்ப்ரஸர் பராமரிப்பில் இருக்கிறது? எங்கள் மின்நிலையங்களில் யார் இன்னும் எரிவாயு பதிவு செய்யவில்லை? மறுமுனையிலிருந்து அவர்கள் கேட்க வேண்டியது ஒன்று: நீங்கள் வெட்டப் போகும் ஃபீடர் பட்டியலில் எங்கள் நிலையம் ஏதாவது இருக்கிறதா?